ஒரகடத்தில் ஒரு கழகம் கைமாறியது

சுங்குவார்சத்திரத்தில் இறங்கியதும் முதலில் தேநீர்க் கடையைத்தான் தேடினேன். "ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்றேன். கடைக்காரர் என்னையும் என் பெட்டியையும் பார்த்துவிட்டு, "பிளேன்லயா வந்தீங்க?" என்றார். ஓம் என்றேன். அதுவும் உண்மைதானே. எங்கள் யாழ்ப்பாணத்தில் பால் விடாத தேநீருக்குப் பிளேன்ரீ என்று பெயர். இங்கே அதைப் பிளாக் டீ என்று கேட்க வேண்டுமென்பதை அடுத்த நாள்தான் தெரிந்துகொண்டேன். அன்று நுரை தள்ளிய பாலும் சீனியுமாக ஒரு கண்ணாடி டம்ளர் வந்தது. பசிக்கு நன்றாகவே இருந்தது.

நான் சுற்றிப் பார்க்க வந்தவள் அல்ல. என் தம்பியின் மகள் டிலக்சி உதைபந்தாட்டக்காரி. இந்தப் பக்கத்தில் கால்பந்து, ஃபுட்பால் என்கிறார்கள். கொழும்பில் அவள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, ஒரகடத்துப் பக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்பவர் அழைத்திருந்தார். மாநில மகளிர் லீக்கில் தன்னிடம் ஓர் அணி இருக்கிறது, ஒரு சீசன் ஆடிவிட்டுப் போகட்டும், சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தருகிறேன் என்றார். தம்பி கடலுக்குப் போகிறவன். "அக்கா, இந்த ஆட்டத்தின்ரை உள்வீடெல்லாம் உனக்குத்தான் தெரியும். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா. நீ சரியெண்டால் பிள்ளையை விடுறன்" என்றான்.

உள்வீடு தெரியும் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்கு இந்த உலகத்தில் இரண்டு கழகங்கள். ஒன்று எங்கள் கடற்கரைக் கிராமத்துக் கழகம். மாதா கோயிலுக்குப் பின்னாலுள்ள மணல் தரையில் ஆடுவது. கடலுக்குப் போய் வரும் ஒவ்வொரு வள்ளமும் கழகத்துக்கென்று ஒரு பங்கு மீனை ஒதுக்கும். அந்த மீனை ஏலம் போட்டுத்தான் பந்தும் சப்பாத்தும் வாங்குகிறோம். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை பார்ப்பதால் கழகத்துப் பொருளாளர் பதவியும் என் தலையில்தான்.

மற்றக் கழகம் இங்கிலாந்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த மைதானத்தை நான் நேரில் பார்த்ததில்லை. அதன் முதலாளி வேறொரு கண்டத்தில் வசிக்கிறார். அவரும் அதிகம் பார்த்ததில்லை என்று கேள்வி. வருடத்துக்கு மூன்று விதமாகச் சட்டையை மாற்றுகிறார்கள், நெஞ்சில் சூதாட்டக் கம்பனியின் பெயரைப் போடுகிறார்கள், நன்றாக ஆடுகிற பிள்ளையை விற்றுவிட்டு 'திட்டத்தின்படி' என்கிறார்கள். நான் வீட்டுக் கதிரையில் இருந்தபடி திட்டுவேன். அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்காருவேன்.

ஆகவே கழக முதலாளிமார் என்றால் எனக்கு ஓர் ஐமிச்சம், சந்தேகம். அந்த ஐமிச்சத்தோடுதான் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் தேடினேன். இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் லாட்ஜ்காரர் அதைத் திறக்காமலே திருப்பித் தந்தார். "ரூம் ஃபுல்லுமா" என்றார். பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை எங்கள் ஊரில் எதற்காக அறிவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏகாம்பரத்துக்கு அழைத்தேன். "அய்ய, லாட்ஜுக்கு ஏன் போனீங்க மேடம்? நம்ம ஹாஸ்டல் கீது. ரோட்டாண்ட நில்லுங்க. நம்ம வெள்ள பஸ் வரும், எம் பேரு போட்ருக்கும், ஏறிக்கங்க" என்றார்.

அவர் சொன்னபடியே வெள்ளை பஸ் வந்தது, அவர் பெயரும் போட்டிருந்தது. ஏறினேன். உள்ளே எல்லாம் இளம்பெண்கள். ஒரே நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சீட்டுக் கிழிக்க யாரும் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பிள்ளைகள் ஷிப்ட் மாற்றிக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சனிக்கெழம நீ எனக்கு ஜெனரல் ஷிப்ட் குடுடீ. மேட்ச் பாக்கணும்."

"நானும்தான் மேட்ச் பாக்கணும். ஓட்டியே வாணாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்."

ஓவர்டைம் பணத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போகிற பிள்ளைகள்! எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. அதற்குள் பஸ் ஒரு பெரிய தொழிற்சாலையின் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். காவலாளி என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் ஏதோ கேட்டார்.

ஏகாம்பரத்துக்கு இந்தச் சாலையில் பல வெள்ளை பஸ்கள் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் அவர் பெயர்தான், விடுதிக்குப் போவது அவற்றில் ஒன்றுதான் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவள் தொய்பி. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தவள். மணிப்பூர்க்காரி. நான் ஏகாம்பரத்தின் பெயரைச் சொன்னதும் காவலாளியிடம் ஹிந்தியில், "இவர் எங்கள் முதலாளியின் விருந்தாளி, வேலைக்கு வந்தவர் அல்ல, இந்த வயதில் யார் லைனில் நிற்க வருவார்கள்?" என்று சொன்னாளாம். பிறகு அவளே தமிழில் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். நாலைந்து வருடம் இந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்து பழகிய தமிழ். திரும்பிப் போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, "அக்கா, அங்க ஸ்டெல்லாக்கா இருக்கு. சாப்பாடு நல்லா இருக்கும்" என்றாள்.

ஸ்டெல்லா விடுதியின் வார்டன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். "வாங்கக்கா, உங்களத்தான் தேடிட்டிருக்கேன். பஸ்சு மாறிப் போயிட்டியளாமே?" என்று வாசலிலேயே வரவேற்றாள். எங்கள் பேச்சும் அவள் பேச்சும் எங்கேயோ ஓரிடத்தில் உறவு. 'ள்' போட்டுப் பேசுகிற ஒருத்தியைக் கண்டதும் எனக்குப் பாதிக் களைப்புப் போய்விட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் சோறும் சாம்பாரும், மறுபக்கம் ரொட்டியும் உருளைக்கிழங்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் ரொட்டிப் பக்கம். தென்காசி, விழுப்புரம் பிள்ளைகள் சோற்றுப் பக்கம். எனக்குத் தேங்காய்ச் சம்பல் இல்லாத குறைதான். பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். பிள்ளைப்பாக்கத்தில் அவருடைய வீடு. வீட்டை ஒட்டிப் பெரிய முற்றம், அதில் கழுவி நிறுத்திய பஸ்கள். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, மறுபக்கம் டயர் அடுக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பஸ் சில்லின் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தவர்தான் முதலாளி. அறுபது வயதிருக்கும்.

"சிலோன்லேர்ந்து நம்ம டீமப் பாக்க ஒருத்தர் வந்துகீறாங்கன்னா சும்மாவா? டீ சாப்புடுங்க மேடம்" என்றார். பாலில்லாமல் கேட்டேன், பிளாக் டீ என்று சரியாகக் கேட்டேன். கிடைத்தது.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "உங்களுக்குப் பந்தாட்டம் பிடிக்குமோ ஐயா?"

"சத்தியமா சொல்றேன் மேடம், ஆஃப்சைடுன்னா இன்னான்னு இன்னும் எனக்குப் பிரியல."

பிறகு அவரே விளக்கினார். அவருடைய நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை நிற்கிறது. வந்த பணத்தில் பஸ் வாங்கினார். ஆனால் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் கிடைப்பது சுலபமில்லை. வாசலிலேயே நிற்க வைப்பார்கள். அப்போது ஒரு கம்பனியின் மனிதவள அதிகாரி, விடுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏதாவது ஏற்பாடு செய்யச் சொன்னாராம். மணிப்பூர், ஜார்க்கண்ட் பிள்ளைகள் பந்து கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தார். அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து யாரோ லீக்கில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தார். அணிக்கு 'ஏரிக்கரை' என்று பெயர் வைத்தார்.

"ஏரிக்கர டீம் ஓனருன்னு சொல்லிகினு போனா உள்ள கூப்புட்டு, ஏசில ஒக்கார வெச்சு டீ குடுப்பான். டீம் இல்லன்னா கேட்டாண்டயே நிக்கணும். எனக்கு டீமு விசிட்டிங் கார்டு மேடம். அவ்ளோதான்."

இங்கிலாந்துக் கழகங்களை வாங்குகிற பெரும் பணக்காரர்கள் 'பாரம்பரியம்', 'ரசிகர் குடும்பம்' என்று வீடியோவில் வந்து பேசுவார்கள். அவர்களுக்கும் கழகம் ஒரு விசிட்டிங் கார்டுதான். இவர் சில்லில் கையை வைத்துக்கொண்டு அதை நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. என் ஐமிச்சத்துக்கு அது நல்லதல்ல என்றும் தோன்றியது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பிள்ளை எங்கே தங்குவாள், முழங்கால் போனால் யார் பார்ப்பார்கள், சீசன் முடிந்தால் என்ன. விடுதியில் ஆட்டக்காரிகளுக்கென்று தனி அறைகள் இருந்தன. போன வருடம் ஒரு பிள்ளைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்து, நடக்கும்வரை பார்த்து, வேலையும் திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஸ்டெல்லாவிடம் விசாரித்தேன், உண்மை என்றாள். "பேச்சுதான் ஒரு மாதிரி இருக்கும். ஆனா சொன்ன சொல்லுக்கு நிப்பாவ" என்றாள். சீசன் இல்லாத காலத்தில் மற்றப் பிள்ளைகள் லைனில் வேலை செய்வார்கள். டிலக்சிக்கு அந்த விசா இல்லை, ஊருக்குத் திரும்பிவிடலாம்.

அன்று பின்னேரம் பயிற்சியைப் பார்த்தேன். மைதானம் என்பது தொழிற்பேட்டையில் இன்னும் யாருக்கும் ஒதுக்காத ஒரு மனை. நான்கு மூலையிலும் எல்லைக் கற்கள், ஒரு பக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதில் கொக்குகள். வீதியில் கார்களைச் சுமந்த நீண்ட லொறிகள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் மணல் தரையைவிட நல்ல தரை. தொய்பிதான் அணித் தலைவி என்பதை அப்போதுதான் கண்டேன். பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய பிள்ளை, நடுக்களத்தில் நின்று கையைக் காட்டிய இடத்துக்கெல்லாம் மற்றவர்கள் ஓடினார்கள். இடப்பக்கத்தில் மட்டும் வேகம் போதவில்லை. டிலக்சி ஆடுவது அந்த இடத்தில்தான். ஏகாம்பரத்துக்கு ஆஃப்சைடு தெரியாவிட்டாலும், தன் அணிக்கு என்ன குறை என்று யாரையோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் டிலக்சிக்கு அழைத்துச் சொன்னேன். "நல்ல இடம்போலதான் கிடக்கு பிள்ளை. நாளையான் மாட்சையும் பாத்திட்டு முடிவு சொல்லுறன்."

"மாமி, சப்பாத்துப் புதுசு வாங்கட்டோ?" என்றாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு விடுதியே திரண்டு வந்தது. வெள்ளை பஸ்களில் வந்து இறங்கிய பிள்ளைகள் எல்லைக் கற்களின் மேலும் மண்மேட்டின் மேலும் ஏறிக்கொண்டார்கள். ஹிந்தியிலும் ஒடியாவிலும் தமிழிலும் கத்தினார்கள். பொதுவாக இருந்த ஒரே சொல் 'ஏரிக்கரை'. அதை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தாள். 'ரி'யா 'றி'யா என்றெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. ஒரு கழகத்துக்கு ஊர் வேண்டும் என்று நான் இத்தனை காலமாக வாதாடி வந்தவள். இந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் இது ஊரில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கும் விடுதிக் கட்டிலுக்கும் நடுவில் அவர்களுக்கு இங்கே சொந்தமென்று இருந்தது இந்தப் பதினொரு பேர்தான். நானும் மேட்டில் ஏறி நின்று, "அடி பிள்ளை, அடி! இடப்பக்கம் குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்திலிருந்த பிள்ளைகள் நான் மலையாளி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இடைவேளைக்கு ஏகாம்பரத்தின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்கு வந்தேன். அப்போது ஒரு கறுப்புக் கார் மண்ணில் தடுமாறி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். சென்னையில் கல்லூரிகள் நடத்துகிற ஒரு குடும்பத்தின் ஆட்கள் என்று ஏகாம்பரம் அறிமுகம் செய்தார். அதில் இளையவர் சேறு படாத வெள்ளைச் சப்பாத்து அணிந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகும் அவர் களத்தைப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் காதருகே குனிந்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசினார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார், அல்லது நான் யாரென்று அவருக்குக் கவலையில்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். எங்களிடம் ஆட்டக்காரிகள் இருக்கிறார்கள், பயிற்சியாளர் இருக்கிறார், மைதானம் இருக்கிறது. லீக்கில் உள்ள உங்கள் இடம் மட்டும்தான் வேண்டும். அது வந்துவிட்டால் போதும், பெயரையும் நாங்கள் மாற்றிவிடுவோம்.

பிறகு, "வெளிநாட்டுப் ப்ளேயர் யாராச்சும் பேசி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பாமலே, "ஒர்த்தி கீறா. நம்பர் தர்றேன்" என்றார்.

களத்தில் தொய்பி ஒரு பந்தை நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கி நீளமாக உதைத்தாள். கோல் விழுந்தது. மண்மேடு அதிர்ந்தது. நான் கை தட்டவில்லை.

ஏரிக்கரை வென்றது. கறுப்புக் கார் போய்விட்டது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஏகாம்பரத்திடம் கேட்டேன். "ஐயா, நீங்கள் விக்கிறது இந்தப் பிள்ளையளுக்குத் தெரியுமோ?"

"கேட்டுகினு இருந்தீங்களா?" என்றார். "இன்னும் சொல்லல மேடம். இன்னா பண்ண சொல்றீங்க? முன்னாடி டீமக் காட்டித்தான் உள்ள போவேன். இப்போ பஸ் டெண்டர்லாம் ஆன்லைன்ல போடுறான். பெரிய கம்பெனி மும்பைலேர்ந்து வந்து அள்ளிகினு பூட்டான். ஆன்லைனுக்கு டீ குடுக்கவும் தெரியாது, டீமும் தெரியாது. இந்த வருசம் பாதி பஸ் சும்மா நிக்கிது. டீமுக்கு நான் எங்க போறது?"

அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குப் படவில்லை. எங்கள் கழகத்திலும் மீன் படாத மாதங்கள் உண்டு. ஆனால் எங்களுடைய கழகத்தை விற்க வேண்டுமானால் ஊரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இங்கே கேட்க வேண்டியவர்கள் சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"விக்கிறது உங்கடை விருப்பம்" என்றேன். "ஆனால் அவையள் இதை வேறை ஆரும் சொல்லிக் கேக்கக் கூடாது. இண்டைக்கே நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன். எனக்கு மனதிலை வைச்சுக்கொண்டு அவையளோடை இருந்து சாப்பிட ஏலாது."

விருந்தாளியாக வந்தவள் இப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர் என்னை முறைத்தார். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றார்.

வந்தார். பொழுது சாயும் நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், வெற்றிக்காக ஸ்டெல்லா கேசரி கிண்டி வைத்திருந்தபோது வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தமிழ் தெரிந்த பிள்ளைகள் மற்றவர்களுக்கு ஹிந்தியில் சொன்னார்கள். செய்தி ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு மேசையாகக் கரண்டிச் சத்தம் நின்றது. ஆட்டம் பார்க்க மட்டும் வந்த பிள்ளைகளில் ஒருத்திதான் முதலில் அழுதாள். ஆட்டக்காரிகள் அழவில்லை.

தொய்பி எழுந்தாள். "சார், எங்க வேலை?"

"வேல அப்டியே இருக்கும்மா. அதுக்கு நான் கேரண்டி. ஒருத்தரையும் வேலய வுட்டு தூக்க மாட்டாங்க."

"ரூம்?"

"ரூமும்தான்."

"பேர் யாருக்கு சார்? ஏரிக்கரை பேர்?"

ஏகாம்பரம் குழம்பிப் போனார். அவர் எதிர்பார்த்த கேள்வி அதல்ல. "பேரா? அவன் பேரு வாணான்ட்டான்மா."

"அப்ப பேர் நாங்க வெச்சுக்கறோம். பந்தும் ஜெர்சியும் குடுத்துடுங்க."

"எடுத்துக்கம்மா" என்றார் அவர். கேசரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஸ்டெல்லா ஒரு டப்பாவில் போட்டுப் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "அவிய வீட்லயும் சின்னப் புள்ளைய இருக்குல்லா" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் குடியிருப்பிலுள்ள சின்ன மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு ஸ்டெல்லாவோடு திரும்பி வரும்போது டிலக்சி அழைத்தாள். குரலில் மூச்சு முட்டியது.

"மாமி! சென்னையிலையிருந்து கூப்பிட்டவை. புதுக் கழகமாம். ஏரிக்கரைக்குப் பதிலா அவையள்தானாம் ஆடப் போகினம். சம்பளம் கூட. தனி வீடு, உடற்பயிற்சிக்கு ஆள், எல்லாம் இருக்காம். நாளைக்கு மறுமொழி சொல்லட்டாம். நான் என்ன சொல்லட்டும்?"

வீதியோரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லொறிகள் போனபடியிருந்தன.

"அப்ப அந்த அக்கா என்ன செய்யப் போறா?" என்றாள்.

போகாதே என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஆசை ஒரு ரசிகையின் ஆசை. நான் திட்டிக்கொண்டே பார்க்கலாம், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சமைக்கப் போகலாம். அவளுக்கு இருப்பது இரண்டு கால்களும் சில வருடங்களும். எங்கள் மணல் தரையிலிருந்து இதுவரை ஒருத்திக்கும் சம்பளம் என்ற சொல் வந்ததில்லை. போ என்று சொல்லவும் மனமில்லை. முதல் நாள் மாலை அந்தக் கூடத்தில் நின்ற கரண்டிச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"அவவையே கேள்" என்று சொல்லி விடுதிக்கு நடந்தேன். தொய்பி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கைபேசியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. இடக் காலா என்று கேட்டாள். எவ்வளவு உயரம் என்று கேட்டாள். எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி நிறைய நேரம் பேசினாள். சொல்லித் தருகிற குரல் அது, கோபமான குரல் அல்ல.

கைபேசியைத் திருப்பித் தந்தபோது, "வரச் சொல்லிட்டேன் அக்கா" என்றாள். "லெஃப்ட் விங் நல்லா ஓடுற பொண்ணு இங்க இல்ல. ஆனா ஒண்ணு கேக்கச் சொன்னேன். சைன் போடறதுக்கு முன்னாடி. ஏரிக்கரை பொண்ணுங்களுக்கு ட்ரயல் குடுங்க, அப்பதான் வருவேன்னு கேளுன்னு."

"ஒத்துக்கொள்ளுவினமோ?"

"தெரியாது. நான் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. அவ கேட்டா ஒருவேள ஒத்துப்பாங்க. அவதானே அவங்களுக்கு வேணும்."

டிலக்சி கேட்டாள். ஒரு நாள் முழுக்க மறுமொழி இல்லை. அந்த ஒரு நாளும் நான் விடுதியில் இருந்து வெங்காயம் உரித்தேன். ஸ்டெல்லாவுக்குச் சம்பல் இடிக்கக் காட்டிக் கொடுத்தேன், ரொட்டிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட வந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். தம்பி அழைத்து, "என்னக்கா, பிள்ளை ஏதோ பேரம் பேசுறாளாம், வாறதும் போகப் போகுது" என்று கத்தினான். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. "பொறு" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பகல் மறுமொழி வந்தது. ட்ரயல் உண்டு, விரும்புகிறவர்கள் வரலாம் என்று. டிலக்சி கையெழுத்துப் போட்டாள். நான் ஊருக்குப் புறப்பட்டேன். போவதற்கு முன் ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "கோவம் இல்லியே மேடம்?" என்றார். இல்லை என்றேன். ட்ரயலுக்குப் பிள்ளைகளைத் தன் பஸ்ஸிலேயே அனுப்பப் போவதாகச் சொன்னார். டீசலுக்குக் கணக்குப் பார்க்கவில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

ட்ரயலில் இரண்டு பேரை எடுத்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த கோல்காரி, அதாவது கோல் காக்கிறவள், ஒருத்தி, தென்காசிப் பிள்ளை ஒருத்தி. தொய்பியை எடுக்கவில்லை. வயது போய்விட்டதாம். இருபத்தொன்பது வயதைப் பற்றி அந்த வெள்ளைச் சப்பாத்துக்காரர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஏரிக்கரை என்ற பெயரிலேயே கம்பனிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடுகிறார்கள், ஷிப்ட் ஒத்துவரும்போது. அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

டிலக்சியின் முதல் ஆட்டம் சென்னையில் நடந்தது. எங்கள் வீட்டில் தம்பி குடும்பமும் அயலவர்களும் கைபேசியைச் சுற்றி இருந்தோம். அவள் நெஞ்சில் கல்லூரியின் பெயர் பெரிதாக இருந்தது. படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. இடைவேளையில் தொய்பி அழைத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். விடுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்கே போயிருக்கிறாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"அக்கா, நம்ம பொண்ணு சூப்பரா ஆடுது! கோல்காரியும் நல்லா நிக்குது. நாங்க நம்ம பொண்ணுங்களுக்கு மட்டும்தான் கை தட்றோம். அந்தக் கிளப்புக்குத் தட்டல. எல்லாரும் பேசி வெச்சுத்தான் வந்தோம்."

"அதெப்படிப் பிரிச்சுத் தட்டுறது பிள்ளை?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.



"கஷ்டமாத்தான் இருக்கு அக்கா" என்றாள்.